ராசாவின் ஏப்பம்

"இதை ஏன் இஞ்சை கொண்டு வந்து கட்டினனீங்கள்?" என்று ஜெயரத்தினம் கத்தினார்.

"நாங்க கட்டலைங்க ஐயா. அதுவா வந்து நிக்குது," என்றார் சோலைமலை.

கிடா உண்மையிலேயே கட்டப்படாமல்தான் நின்றது. ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில், பாதை வளைகிற இடத்தில் மஞ்சள் பூசிய கல்லொன்று இருக்கிறது. அதுதான் கவ்வாத்துச் சாமி. அந்தக் கல்லுக்கு முன்னால், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு வந்து உட்கார்ந்துவிட்டவரைப் போல, அவசரமே இல்லாமல் நின்றது கிடா. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தாடி, யாரையும் மதிக்காத முகம். ஜெயரத்தினம் கையை ஓங்கி விரட்டிப் பார்த்தார். அது அவரை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடியும் கல்லைப் பார்த்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்திலை அந்த வெள்ளைக்கார அம்மா இந்தப் பாதையாலைதான் வரப் போறா. இதைக் கண்டாவெண்டால் பிள்ளை மடுவம் போச்சு. விளங்குதோ?"

"வெளங்குதுங்க," என்றார் சோலைமலை. அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

ஜெயரத்தினம் பெரியசோலைத் தோட்டத்தின் நலன்புரி அலுவலர். யாழ்ப்பாணத்துக்காரர். திம்புள்ளப் பக்கத்து மழைக்கும் பனிக்கும் வந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்த எட்டு வருஷத்தில் அவருடைய தூக்கத்தைக் கெடுத்த ஒரே விஷயம் பிள்ளை மடுவத்தின் கூரை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, அதன்மேல் நீலத் தார்ப்பாய் ஒன்றைப் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். மழை வந்தால் ஒழுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துத் தொட்டில்களை இடம் மாற்றிக் கட்ட வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை நெற்றியில் சொட்டு விழுந்து திடுக்கிட்டு அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். தோட்டத்து மனேஜரான துரையிடம் கேட்டார், கம்பனியிடம் கேட்டார், கோயில் கமிட்டியிடம்கூடக் கேட்டார். ஆகட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

போன மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம் நடந்தது. ஹில்டா என்று ஓர் அம்மா, ஏதோ வெளிநாட்டு அமைப்பிலிருந்து வந்திருந்தார். மாடும் ஆடும் அசைபோட்டு ஏப்பம் விடுகின்றன, அந்த வாயு வானத்தில் தங்கிச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவற்றுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று காடுகளை அழிக்கிறார்கள், மனிதர்கள் இறைச்சியை விட்டு மரக்கறிக்கு வந்தால் பூமி கொஞ்சமாவது பிழைக்கும் என்று படம் போட்டு விளக்கினார். இரண்டு சுவெட்டரும் ஒரு மப்ளருமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு உலகம் சூடாகிறது என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியில் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"இறைச்சி சாப்பிடாத ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உலகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டி, அங்கே புதிய பிள்ளை மடுவம் ஒன்றைக் கட்டிக்கொடுக்கப் போகிறோம். அப்படி ஏதாவது தோட்டம் இருக்கிறதா?"

ஜெயரத்தினத்தின் கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை, அதுவாகத்தான் எழுந்தது. "எங்கள் பெரியசோலையில் ஒருவரும் மாமிசம் தொடுவதில்லை, மேடம்" என்று ஆங்கிலத்தில் யாரோ சொல்வது அவருக்கே கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஹில்டா கண் கலங்கி, தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அவர் வருகிற நாளும் துரை ஏழாம் மலையில் கவ்வாத்துத் தொடங்கச் சொன்ன நாளும் ஒன்றாகிப் போயின. தேயிலைச் செடியின் கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் சாமிக்குக் கிடா கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கத்தி செடியில் பாயாது, கையில்தான் பாயும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் தோட்டமே கிடாவுக்குக் காசு கொடுத்துவந்தது. ஜெயரத்தினம் வருவதற்கு முந்திய வருஷம் கம்பனி அதை நிறுத்திவிட்டது. காசு நின்றதே தவிரப் பூசை நிற்கவில்லை. பூசை முடிந்ததும் உத்தியோகத்தர் வீடுகளுக்குத் தூக்குச்சட்டியில் கறி வருவதும் நிற்கவில்லை.

அந்தத் தூக்குச்சட்டியில்தான் ஜெயரத்தினத்தின் இன்னொரு துன்பம் இருந்தது. அவர் பரம்பரைச் சைவம். மனைவி இராசமணியின் சமையலறைக்குள் முட்டை போட்ட கேக் கூட நுழைய முடியாது. முதல் வருஷம் கறி வந்தபோது இராசமணி கோயிலுக்குப் போயிருந்தாள். திருப்பி அனுப்பினால் மரியாதையில்லை என்று வாங்கினார். மணம் பார்த்தார். ஒரு துண்டு வாயில் வைத்தார். அவ்வளவுதான், மனிதர் ருசியில் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து வருஷம் ஒரு தடவை விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றபடியே தின்று, கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, அன்றிரவு முழுக்கச் சாமிப் படங்களைப் பார்க்கத் துணிவில்லாமல் புரண்டு படுப்பார். கறி கொண்டுவருகிற காளியாயி, "ஐயாவுக்குன்னு எலும்பில்லாத துண்டாப் பாத்துப் போட்டிருக்கேங்க" என்று சொல்லும்போது அவருக்கு வெட்கமாகவும் இருக்கும், நாக்கு ஊறவும் செய்யும்.

ஆக, மாமிசம் தொடாத தோட்டத்தில் முதல் கள்ளன் அவர்தான்.

"சோலைமலை, பூசையை நாளைக்கு வையுங்கோ," என்றார் இப்போது கெஞ்சலாக.

"அது ஆகாதுங்க. இன்னைக்குக் கத்தி வைக்கணும்னு தொரை சொல்லிட்டாரு. பூசை போடாம ஒருத்தனும் கத்தியத் தொட மாட்டான்." சோலைமலைதான் கவ்வாத்து ஆட்களுக்குக் கங்காணி. சாமிக்குப் பூசாரியும் அவரே.

"அப்ப அவா திரும்பிப் போனாப் பிறகு வையுங்கோ."

"பாப்போம்ங்க. ஆனா ஐயா, அந்தம்மா பாத்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க. இந்தக் கிடா விஷயம் என்னன்னா…"

"ஐயோ, ஒரு விஷயமும் வேண்டாம்! எனக்கு ரத்தக் கதை சொல்லாதேங்கோ!"

ரத்தம் என்ற சொல்லைத் தானே சொல்லிவிட்டு ஜெயரத்தினம் பக்கத்திலிருந்த தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவர் அவர். அதனால்தான் எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடப் பூசையைப் பார்க்கப் போனதில்லை. சோலைமலை தலையைச் சொறிந்துகொண்டார்.

கிடாவை இழுத்துக்கொண்டு போய் உர ஸ்டோருக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார் ஜெயரத்தினம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வளைவுக்குத் திரும்பி வந்தால், கிடா கல்லுக்கு முன்னால் நின்றது. உர ஸ்டோருக்கு ஜன்னல் ஒன்று இருப்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. கிடாவுக்கு மறக்கவில்லை.

இந்தத் தடவை கயிறு போட்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டு, தன் வீட்டு விறகுக் கொட்டிலுக்கே இழுத்து வந்து கட்டினார். முடிச்சைப் போட்டு நிமிர்ந்தால் இராசமணி அகப்பையோடு நின்றாள். விருந்தாளிக்காக அவள் விடியற்காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தாள்.

"உது என்னப்பா?"

"ஆடு."

"அது தெரியுது. எங்கட கொட்டிலுக்கை என்ன செய்யுது?"

"பால்," என்றார் ஜெயரத்தினம், வாயில் முதலில் வந்ததை. "பிள்ளை மடுவத்துப் பிள்ளையளுக்குப் பால் குடுக்க."

இராசமணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"இது கிடாயப்பா."

"இனித்தான் பழக்க வேணும்."

அவள் மேலும் கேட்பதற்குள் பாதையில் வாகனத்தின் ஹோர்ன் சத்தம் கேட்டது. ஜெயரத்தினம் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஓடினார். ஓடும்போது பக்கத்தில் இன்னொன்றும் ஓடுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தார். அறுந்த கயிறு கழுத்தில் ஆட, கிடா அவரை முந்திக்கொண்டு போனது.

வளைவில் வாகனம் நின்றுவிட்டிருந்தது. ஹில்டா இறங்கிக்கொண்டிருந்தார். கூடவே கொழும்பிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் நிரூபா. கிடா வழக்கமான இடத்தில் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு கல்லைப் பார்த்தது.

"எவ்வளவு அழகு! இது யாருடையது?" என்று கேட்டார் ஹில்டா.

"தோட்டத்தினுடையது, மேடம். இங்கே ஒருவரும் இறைச்சி சாப்பிடாததால் ஆடுகள் பயமில்லாமல் சுதந்திரமாகத் திரிகின்றன."

"ஆடுகளா? எத்தனை?"

ஜெயரத்தினத்துக்கு நுவரெலியாவில் பார்த்த படம் ஞாபகம் வந்தது. நிறைய ஆடு என்றால் நிறைய ஏப்பம். "ஒன்று," என்றார் அவசரமாக. "இது ஒன்றுதான்."

"மற்றவை?"

"வயது போய்க் காலமாகிவிட்டன, மேடம்."

அந்த நேரம் பார்த்து ஒரு சேவலும் நாலைந்து கோழிகளும் பாதையைக் குறுக்கே கடந்தன. ஹில்டாவின் கண் அவற்றோடு போனது.

"நேரம் அறிவதற்கு," என்றார் ஜெயரத்தினம், கேட்காமலே.

"முட்டைகள்?"

"அவற்றைக் கோழிகளே வைத்துக்கொள்ளும்."

நிரூபாவுக்கு இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

வாகனம் வந்த சத்தம் கேட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற காளியாயியும் இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நின்றாள். ஹில்டா கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதன் பேரைக் கேட்டார்.

"ராசாங்க," என்றார் சோலைமலை.

வெட்டப் போகிற கிடாவுக்கு யாராவது பேர் வைப்பார்களா என்று ஜெயரத்தினம் ஒரு கணம் யோசித்தார். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. நிரூபா படம் எடுக்கத் தயாரானாள். ஹில்டா சிரித்தார். ராசா அவருடைய முகத்துக்கு நேரே நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

ஜெயரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். ஹில்டாவோ குதூகலித்துப் போனார். "இதுதான்! இந்த வாயுதான் உலகத்தைச் சூடாக்குகிறது!" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். நிரூபா அதைத் தமிழில் சொன்னாள்.

காளியாயி ராசாவை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ஒத்தைக் கிடாவா?"

"எல்லாக் கிடாவும் சேந்து, எல்லா மாடும் சேந்து," என்றாள் நிரூபா.

"அம்மா ஊர்ல இறைச்சி எப்பிடி? ஒரு ஆளு எத்தனை வேளை திம்பாங்கன்னு கேளும்மா."

நிரூபா கேட்டாள். ஹில்டாவின் முகம் சிவந்தது. அங்கே பெரும்பாலானவர்கள் காலையும் மதியமும் இரவும் சாப்பிடுவார்கள் என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு வேளையுமா!" என்றாள் காளியாயி. "அப்ப ஏப்பமெல்லாம் அங்க இருந்துல்ல வருது. எங்க ராசா என்ன பண்ணும், பாவம்."

இதை நிரூபா மொழிபெயர்க்கவில்லை. ஹில்டாவுக்கும் தேவைப்படவில்லை போலிருந்தது. அவர் கொஞ்சநேரம் கிடாவின் தாடியையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இந்தப் படத்தைத் தங்கள் அமைப்பின் அடுத்த வருஷக் கலண்டரின் முதல் பக்கத்தில் போடப்போவதாக அறிவித்தார். யாரும் தின்னாத ஆடு என்று அதன் கீழே எழுதுவார்களாம்.

ஜெயரத்தினம் சோலைமலையை ஒரு பக்கமாக இழுத்துப் போனார்.

"இந்தக் கிடாவை வெட்டக் கூடாது."

"சரிங்க."

"இண்டைக்கு மட்டுமில்லை. ஒரு நாளும்."

"சரிங்கய்யா. வெட்டலை."

சோலைமலை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது ஜெயரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருஷத்தில் அவர் கேட்ட எதற்கும் இந்தத் தோட்டத்தில் ஒருவரும் உடனே சரி என்று சொன்னதில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார். என்ன இருக்கிறது என்று பார்க்க ஹில்டா விடவில்லை. தேயிலை எப்படித் தூளாகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

தொழிற்சாலையில் அவருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஹில்டா ருசி பார்க்கிற அறையில் கோப்பை கோப்பையாக உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஏழாம் மலைப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் எழுந்தது.

"அது என்ன?" என்று கேட்டார் ஹில்டா.

"மணி, மேடம். வேலை தொடங்குகிற மணி."

"தாளத்தோடு அடிக்கிறார்களே!"

"உற்சாகமான ஆட்கள்."

தப்பு உச்சத்துக்குப் போனது. பெண்களின் குலவைச் சத்தம் எழுந்தது. பிறகு சட்டென்று எல்லாம் ஓய்ந்தது. அந்த அமைதிதான் ஜெயரத்தினத்தை அதிகமாகப் பயமுறுத்தியது. துரை விரட்டியிருப்பார், பொறுக்காமல் பூசையை முடித்துவிட்டார்கள். முடித்துவிட்டார்கள் என்றால்?

பிள்ளை மடுவத்துக்குப் போக வளைவைக் கடந்தாக வேண்டும். பனி விலகியிருந்தது. ஏழாம் மலையில் ஆட்கள் வரிசையாக நின்று கவ்வாத்துக் கத்தியால் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் கிடா இல்லை. கல்லின் மேலும், கல்லைச் சுற்றியும், பாதை ஓரம் வரைக்கும் சிவப்பாக இருந்தது.

ஜெயரத்தினம் வாகனத்துக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "அழகான காட்சி, மேடம், அந்தப் பக்கம், அந்த மலை!" என்று கையை எதிர்ப்பக்கமாக நீட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் தொழிலாளர்களுடைய லயத்துக் கக்கூஸ் இருந்தது. ஹில்டா மரியாதைக்காக அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிள்ளை மடுவத்தில் இராசமணி ஏற்கெனவே வந்து மேசையில் சாப்பாட்டுக் கரியரை வைத்திருந்தாள். குழந்தைகள் சிலது தூங்கின, சிலது தவழ்ந்தன. ஹில்டா குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கினார். மேலே நீலத் தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர், சொல்லிவைத்தாற்போல ஒரு சொட்டு, அந்தக் குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. குழந்தை வீரிட்டது. ஹில்டா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அடுத்த மழைக்கு முன்னால் இங்கே புதிய கட்டடம் இருக்கும்," என்றார்.

ஜெயரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷம்! இனி அவரை வாகனத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் போதும். அப்போதுதான் அவருடைய மூக்குக்கு அந்த மணம் வந்தது. மிளகாய்த்தூளும் கறுவாவும் ரம்பையும் எண்ணெயில் பிரிந்து கொதிக்கிற மணம். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிற மணம். பின் தாழ்வாரத்தில் மூன்று கல் அடுப்பின் மேல் பெரிய சட்டி இருந்தது. கவ்வாத்து ஆட்களின் மதியச் சாப்பாட்டுக்காகக் காளியாயி கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன அருமையான மணம்! அது என்ன?" ஹில்டா நேரே அங்கே போனார்.

"பலாக்காய்," என்றார் ஜெயரத்தினம். குரல் அவருடையதாக இல்லை.

"நான் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாமா?"

நிரூபா கேட்டதும் காளியாயிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "தாராளமாச் சாப்பிடலாம். அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாதுங்க," என்று கோப்பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். என்ன துணிச்சல் இவளுக்கு என்று ஜெயரத்தினம் பதறினார்.

ஹில்டா ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து ஊதினார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் கூரை வந்துவிடும். இந்த அம்மா பலாக்காய் என்று நினைத்து ஒரு வாய் தின்பார், வெளிநாட்டுக்குப் போவார், காசு அனுப்புவார், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. குழந்தையின் கன்னத்தில் சொட்டு விழாது. ஆனால் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்த அதே கிடா அல்லவா அந்தக் கரண்டியில் இருக்கிறது? தான் தின்றதாவது தெரிந்து தின்றது. இவர் தன்னை நம்பி அல்லவா வாயைத் திறக்கிறார்? அவர் எத்தனையோ பொய் சொல்லிவிட்டார். இதைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் அவரால் முடியவில்லை.

பாய்ந்து கோப்பையைப் பறித்தார். குழம்பு அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

"சாப்பிடாதீர்கள், மேடம்! அது ராசா!"

ஹில்டாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நான் சொன்னது எல்லாம் பொய்," என்றார் ஜெயரத்தினம் ஆங்கிலத்தில், மூச்சு விடாமல். "இங்கே எல்லோரும் இறைச்சி சாப்பிடுகிறார்கள். சாமிக்குக் கிடா வெட்டுகிறார்கள். கோழிகள் நேரம் அறிய இல்லை. ஆடுகள் வயது போய்க் காலமாகவில்லை. கூரைக்காகத்தான் சொன்னேன். நானும் சாப்பிடுகிறேன். எட்டு வருஷமாக."

மேசையில் கரியரின் தட்டொன்று விழுந்து உருண்டது. இராசமணிக்கு நல்ல ஆங்கிலம் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எட்டு வருஷமோ?"

"வருஷத்துக்கு ஒருக்காத்தான், இராசம்."

"எங்கை வைச்சு?"

"விறகுக் கொட்டிலுக்குப் பின்னாலை. நிண்டுகொண்டுதான்."

"நிண்டுகொண்டு திண்டால் சைவமோ?" இராசமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

ஹில்டா அங்கிருந்த மர வாங்கில் மெல்ல உட்கார்ந்தார். தான் கட்டியணைத்த கழுத்தை நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு நிரூபாவிடம், "நாம் போகலாம்," என்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஜெயரத்தினம் ஒழுகுகிற இடத்திலிருந்து ஒரு தொட்டிலைத் தள்ளிக் கட்டினார். கூரையைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டதாக அவருக்கு இருந்தது. அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாப்பாடு எடுத்துப் போக வந்த சோலைமலை வாசலில் நின்றார். "என்னங்க இது? அந்தம்மா ஏன் அழுவுறாங்க?"

"நீங்க ராசாவை வெட்டிட்டீங்க எண்டு ஐயா சொல்லிட்டார்," என்றாள் நிரூபா.

"ராசாவையா?" சோலைமலை காளியாயியைப் பார்த்தார். காளியாயி சட்டியைப் பார்த்தாள்.

அப்போது சோலைமலையின் கால்களுக்கு இடையில் ஒரு வெள்ளைத் தாடி தெரிந்தது. நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தில் பாதி தின்ற செவ்வந்தி மாலை, வாயில் வாழைப்பழத் தோல். ராசா மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தது. நடு அறையில் நின்று எல்லோரையும் ஒருதரம் பார்த்துவிட்டு ஏப்பம் விட்டது.

ஹில்டா கூவிக்கொண்டே எழுந்து போய் அதைக் கட்டிக்கொண்டார்.

ஜெயரத்தினத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. "அப்ப… அந்தக் கல்லிலை சிவப்பு?"

"ஆரத்தித் தண்ணிங்க. மஞ்சளும் சுண்ணாம்பும்," என்றார் சோலைமலை. "காலையிலயே சொல்ல வந்தேன், நீங்கதான் கேக்கலை. மாலை போட்டு, தண்ணி தெளிச்சு, பழம் குடுத்து அனுப்பிருவோம்ங்க. வருஷா வருஷம் இவன்தான். அதான் கூப்பிடாமலே வந்து நிக்கிறான்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெளிய தெரிஞ்சா மானக்கேடுன்னுதான் யாருகிட்டயும்…"

நிரூபா ஹில்டாவின் காதருகே குனிந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இராசமணி முகத்தைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். ஜெயரத்தினம் தன் சட்டையில் வழிந்த குழம்பைப் பார்த்தார், அடுப்பில் கொதிக்கிற சட்டியைப் பார்த்தார்.

"ராசா இஞ்சை நிக்குதெண்டால்," என்றார் மெதுவாக, "நான் இவ்வளவு காலமும் திண்டது?"

காளியாயி அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

"சோயா மீட்டுங்க ஐயா. கம்பனி கிடாக் காசை நிப்பாட்டுன நாள்ல இருந்து சாமிக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான், எலும்பில்லாம உங்களுக்கும் அதுதான்."